புறவுலகும் அறிவும்: சடப்பொருள் இல்லை என்னும் கொள்கை பற்றிய ஓர் ஆராய்ச்சி

வினாவும் அதன் கூறுகளும்

நாம் காணும் மலையும் கடலும் மரமும் மாடமும் நம் அறிவுக்கு வெளியே தமக்கெனத் தனியிருப்பு உடையனவா, அன்றி அறிவு கொள்ளும் பல்வேறு வடிவங்களே புறத்தே உள்ளன போலத் தோன்றுகின்றனவா என்னும் வினா, இந்திய நாட்டில் ஏறத்தாழ 1,500 ஆண்டுகளாகவும் ஐரோப்பாவில் 300 ஆண்டுகளுக்கு மேலாகவும் ஆராயப்பட்டு வருகிறது. சடப்பொருள் என்று ஒன்று இல்லை, உள்ளது அறிவே என்று இதற்கு விடை கூறியவர்கள் விதண்டை பேசுவோர் அல்லர். தத்தம் காலத்தின் மிகக் கூரிய தருக்கவாதிகளிற் சிலர் அவர்களுள் இருந்தனர் என்பதே, முதற்பார்வையில் விபரீதமாகத் தோன்றும் இக்கொள்கையைப் பொறுமையோடு ஆராய்வதற்குப் போதிய காரணமாகும்.

இக்கொள்கையை ஆராயப் புகுவோர் தொடக்கத்திலேயே மூன்று கூற்றுகளைப் பிரித்துக்கொள்ளுதல் நலம். நாம் நேரே அறிவது நம் அறிவில் எழும் தோற்றங்களையே என்பது முதற் கூற்று. அறியப்படாத நிலையில் எப்பொருளுக்கும் இருப்பு இல்லை என்பது இரண்டாவது. உலகத்தின் இறுதியான இயல்பு, அது எவருடைய மனத்தைச் சார்ந்து நிற்பினும் நில்லாவிடினும், அறிவின் தன்மையதே என்பது மூன்றாவது. இம்மூன்றும் ஒன்றையொன்று ஒத்தன போலத் தோன்றினும் ஒன்றிலிருந்து மற்றொன்று தானே பெறப்படுவதில்லை. முதலாவதற்குக் காட்டிய நியாயங்களைக்கொண்டு இரண்டாவதை நாட்டிவிட்டதாக வாதிகள் கருதியதும், இரண்டாவதை மறுத்த மாத்திரத்தில் மூன்றாவதும் வீழ்ந்ததென எதிர்வாதிகள் கருதியதும் இவ்விவாதத்தின் வரலாற்றில் மீண்டும் மீண்டும் காணப்படும் பிழைகளாகும்.

கிரேக்கத் தத்துவஞானியாகிய பிளேட்டோவை இக்கொள்கையின் முதல்வராகச் சிலர் எண்ணுவதுண்டு. எனினும், அவர் கூறிய நிலைபேறுடைய வடிவங்கள் எவருடைய மனத்தினுள்ளும் அடங்கியவை அல்ல. ஆதலின் அவரை இங்கே கொண்டுவருதல் பொருந்தாது.

விஞ்ஞானவாதிகளின் நிலை

இக்கொள்கையை முழுமையான தருக்க வடிவில் முதன்முதல் நிறுவ முற்பட்டவர் பௌத்தருள் யோகாசாரர் அல்லது விஞ்ஞானவாதிகள் எனப்படும் பிரிவினரே ஆவர். புறப்பொருள் உண்டு, அது நேரே காணப்படுகிறது என்றனர் வைபாடிகர். புறப்பொருள் உண்டு, ஆயின் அறிவில் எழும் வடிவங்களின் வேற்றுமையைக்கொண்டு அது அநுமானத்தால் மட்டுமே பெறப்படும் என்றனர் சௌத்திராந்திகர். அநுமானத்தால் மட்டுமே பெறப்படும் அப்பொருளைக் கொள்ளவேண்டிய அவசியந்தான் யாது என்று அடுத்து வினவியவர் யோகாசாரர். எல்லாப் பொருளுக்கும் தன்னியல்பை மறுத்த மாத்தியமிகரோ, அவ்வறிவையும் அம்மறுப்பினின்று விலக்கவில்லை. இந்நால்வகைப் பிரிவையும் ஒருங்கு வைத்து நோக்கின், புறப்பொருளை மறுக்கும் வாதம் புறப்பொருளை ஏற்றவர்களின் கொள்கையிலேயே கருக்கொண்டிருந்தது என்பது புலனாகும்.

இக்காலத்தில் பெஷாவர் எனப்படும் புருஷபுரத்திலே தோன்றிய அசங்கர், வசுபந்து என்னும் சகோதரர் இருவரும் இக்கொள்கையை வளர்த்த பேராசிரியர்கள். அவர்கள் காலம் கி.பி. நான்காம் அல்லது ஐந்தாம் நூற்றாண்டு என்பர். வசுபந்து இயற்றிய 'விம்சதிகா' என்னும் சிறுநூல், எதிரிகள் எழுப்பக்கூடிய ஆட்சேபங்களைத் தானே முன்வைத்துச் சமாதானம் கூறத் தொடங்குகிறது. புறத்தே பொருள் இல்லையாயின் ஒரு தோற்றம் குறிப்பிட்ட ஓர் இடத்தில் மட்டும் எழுவானேன், குறிப்பிட்ட ஒரு காலத்தில் மட்டும் எழுவானேன், ஒருவருக்கன்றிப் பலருக்கும் ஒத்துத் தோன்றுவானேன், பயன் விளைவிப்பானேன் என்பவை அவ்வாட்சேபங்கள். கனவிலும் இடவரையறையும் காலவரையறையும் உள்ளன. ஒத்த கருமம் உடைய பிரேதங்கள் அனைத்தும் ஓர் ஆற்றைச் சீழ் நிறைந்ததாகவே காண்கின்றன. கனவில் நிகழும் புணர்ச்சிக்கு உடலில் மெய்யான விளைவு உண்டாகிறது என்பவை வசுபந்துவின் விடைகள். இவற்றால் புறப்பொருள் இல்லை என்பது நிறுவப்படவில்லை. அஃது இல்லாமலும் அநுபவம் நிகழக்கூடும் என்பதே காட்டப்பட்டது என்பதை நாம் மனங்கொள்ளுதல் வேண்டும்.

நிறுவும் முயற்சி அணுவைப் பற்றிய வாதத்தில் தொடங்குகிறது. பொருள்கள் அணுக்களால் ஆயவை என்போரை நோக்கி, ஓர் அணுவோடு ஆறு திசைகளிலிருந்தும் ஆறு அணுக்கள் சேருமாயின் அவ்வணுவுக்கு ஆறு பகுதிகள் உண்டாகுமன்றோ என்று வினவுகிறார் வசுபந்து. பகுதிகள் உண்டாயின் அஃது அணுவாகாது. பகுதிகள் இன்றி ஆறும் ஒரே இடத்தில் நிற்குமாயின் எத்துணை அணுக்கள் கூடினும் திரட்சி உண்டாகாது. இவ்வாதம் பகுக்கப்படாத அணு என்னும் கருத்தின் மேல் வலிய தாக்குதலே. ஆயினும், சடப்பொருளைப் பற்றிய ஒரு குறிப்பிட்ட விளக்கம் முரண்பாடுடையது என்பதனால் வேறெவ்வகை விளக்கமும் இயலாது என்பது போதரவில்லை.

திங்நாகர் தமது 'ஆலம்பன பரீட்சை'யில் வாதத்தை மேலும் கூர்மைப்படுத்தினார். அறிவுக்கு விடயமாக நிற்கும் பொருள், அவ்வறிவைத் தோற்றுவிக்கும் காரணமாகவும் இருத்தல் வேண்டும், அவ்வறிவில் தன் வடிவத்தைக் காட்டவும் வேண்டும் என்று இரு நிபந்தனைகளை அவர் வகுத்தார். தனித்தனி அணுக்கள் காரணமாகலாம். அவற்றின் வடிவம் அறிவில் தோன்றுவதில்லை. அணுக்களின் கூட்டத்தின் வடிவம் அறிவில் தோன்றலாம். கூட்டம் என்பது தனியே உள்ளதொரு பொருள் அன்றாகலின், இரட்டையாகத் தோன்றும் சந்திரனைப் போல, அது காரணமாக மாட்டாது. ஆகவே, அகத்தே எழும் வடிவமே விடயம் என்று அவர் முடித்தார். ஏழாம் நூற்றாண்டினராகக் கருதப்படும் தர்மகீர்த்தி, நீலமும் நீலத்தைப் பற்றிய அறிவும் எஞ்ஞான்றும் சேர்ந்தே அறியப்படுதலின் அவை இரண்டல்ல என்று வேறொரு நியாயத்தை அளித்தார்.

இக்கொள்கையின் வளர்ச்சியில் தமிழகத்துக்கும் பங்கு உண்டு. திங்நாகரைக் காஞ்சியை அடுத்த ஊரினராகத் திபெத்திய மரபு கூறுகிறது. நாளந்தாவில் தலைமை ஆசிரியராய் விளங்கிய தர்மபாலர் காஞ்சியிற் பிறந்தவர் எனச் சீன யாத்திரிகர் யுவான் சுவாங் எழுதியுள்ளார். அவர் 659-ஆம் ஆண்டில் சீன மொழியில் தொகுத்தளித்த விஞ்ஞானவாதப் பெருநூலில் தர்மபாலரின் உரைக்கே முதன்மை கொடுக்கப்பட்டுள்ளது. மணிமேகலையின் இருபத்தொன்பதாம் காதையில் வரும் அளவையியற் பகுதி திங்நாகர் வழிவந்த தருக்கத்தோடு நெருங்கிய ஒப்புமை உடையதென அறிஞர் காட்டியுள்ளனர்.

வைதிக தரிசனங்களின் கண்டனம்

விஞ்ஞானவாதத்துக்கு எழுந்த மறுப்புகளுள் குமாரிலபட்டரின் 'சுலோகவார்த்திகம்' கூறுவது தருக்க நோக்கில் மிகவும் கருதத்தக்கது. அறிவு அனைத்தும் கனவைப் போலப் புறப்பற்று இல்லாதது, அறிவாயிருத்தலின், என்று அநுமானம் செய்வாயாயின், அவ்வநுமானத்தால் எழும் அறிவும் புறப்பற்று இல்லாததே ஆகுமன்றோ, அஃது எதனை நிறுவும் என்பது அவர் வினா. மேலும், கனவுங்கூட முற்றிலும் பற்றுக்கோடற்றது அன்று. வேறோர் இடத்தில் வேறொரு காலத்தில் அநுபவித்த பொருள்களே அதில் இடமும் காலமும் மாறித் தோன்றுகின்றன என்றும் அவர் கூறினார். எல்லா அறிவையும் ஒருசேரப் பொய்யாக்க முயலும் வாதம் தன் காலின்கீழ் உள்ள நிலத்தையும் அகழ்ந்துவிடுகிறது என்னும் இவ்வுண்மை, பிற்காலத்து ஐரோப்பிய விவாதங்களிலும் வெவ்வேறு உருவங்களில் வெளிப்படுவதை நாம் காணலாம்.

சங்கரர் பிரமசூத்திர பாடியத்தின் இரண்டாம் அத்தியாயம் இரண்டாம் பாதத்தில், 28-ஆம் சூத்திரம் முதலாக, இக்கொள்கையை மறுக்கிறார். தூணைக் காண்பவன் தூண் என்னும் பொருளையே காண்கிறான்; தன் அறிவைத் தூணாகக் காண்பவன் எவனும் இல்லை. புறத்தே உள்ளது போலத் தோன்றுகிறது என்று மறுப்பவனும் சொல்லவேண்டியிருத்தலால், புறம் என்னும் ஒன்றை அவன் முன்னரே அறிந்திருத்தல் வேண்டும். கனவு விழிப்பால் பாதிக்கப்படுகிறது. விழிப்பின் அநுபவம் அங்ஙனம் பாதிக்கப்படுவதில்லை. பொருள்களை அநுபவித்ததால் உண்டாகும் மனப்பதிவாகிய வாசனையைப் பொருள்களே இன்றி எங்ஙனம் பெறலாகும்? இந்நியாயங்கள் வலியுடையன என்பதில் ஐயமில்லை.

ஆயின், சங்கரரின் நிலையில் ஒரு சிக்கல் உண்டு. அவருடைய பரமகுருவாகப் போற்றப்படும் கௌடபாதர் தமது மாண்டூக்கிய காரிகையில் விழிப்பும் கனவும் பொய்ம்மையில் ஒத்தன என்றே வாதிக்கிறார். பிற்கால அத்வைதிகளுள் பிரகாசானந்தர் போன்றோர், காணுதலே படைத்தல் என்னும் திருஷ்டிசிருஷ்டி வாதத்தை மேற்கொண்டு விஞ்ஞானவாதத்துக்கு மிக அணுகி வந்துவிட்டனர். வியாவகாரிக நிலையில் உலகை உண்மையென்றும் பாரமார்த்திக நிலையில் அன்றென்றும் கொள்ளும் பாகுபாட்டால் அத்வைதிகள் இதற்குச் சமாதானம் கூறுவர். புறவுலகு சீவனுடைய மனத்தின் படைப்பு அன்று என்பதையும், அது பிரமத்துக்கு வேறாய்த் தனித்துண்மை உடையது அன்று என்பதையும் ஒருங்கு கொள்ளும் அந்நிலை, முன்னர் நாம் பிரித்த இரண்டாவது கூற்றை மறுத்துக்கொண்டே மூன்றாவதைத் தழுவும் நிலை என்று கொள்ளின் அதன் உட்கிடை ஓரளவு தெளிவாகும்.

சைவ சித்தாந்தத்தின் நிலை

பதின்மூன்றாம் நூற்றாண்டில் அருணந்தி சிவாசாரியார் 'சிவஞான சித்தியார்' பரபக்கத்தில் பௌத்தரின் நான்கு பிரிவினரையும் தனித்தனியே எடுத்து மறுத்தார். பௌத்தம் தமிழகத்தில் பெரிதும் தேய்ந்துவிட்ட காலத்திலும் யோகாசாரரின் வாதத்தைப் பூர்வபட்சமாக வைத்து விடையிறுத்தல் அவசியமெனக் கருதப்பட்டது என்பது அவ்வாதத்தின் ஆற்றலுக்குச் சான்றாகும்.

சித்தாந்தத்தில் மாயை என்பது மயக்கத் தோற்றம் அன்று. உலகுக்கு முதற்காரணமாகிய, அழிவற்ற உள்பொருள். உடலும் கருவிகளும் உலகும் அதினின்று தோன்றி, மலத்தால் மறைப்புண்ட உயிர் அறிவு விளங்கப் பெறுதற்குத் துணையாகின்றன. உயிர் எதனைச் சார்கின்றதோ அதன் தன்மையாய் நிற்கும் இயல்பினதாகலின், சாரப்படும் பொருள் அறிவுக்கு வேறாக இல்லையெனின் கட்டு என்பதற்கும் வீடு என்பதற்கும் பொருள் இல்லாது போகும். சடம் தானே இயங்காது, உயிர் கருவியின்றித் தானே அறியாது என இரண்டையும் இரண்டாகவே நிறுத்தும் இக்கொள்கை, அநுபவத்தை உள்ளவாறே மதிக்கும் சிறப்புடையது. இயல்பால் முற்றும் வேறுபட்ட சடமும் சித்தும் ஒன்றையொன்று எங்ஙனம் தாக்குகின்றன என்னும் வினாவுக்கோ, அது திருவருளின் செயலையே விடையாகக் கொள்கிறது; அவ்விடையை ஏலாதார்க்கு வினா அப்படியே நிற்கும்.

பார்க்ளியின் வாதம்

ஐரோப்பாவில் இக்கொள்கையைத் துணிந்து முன்வைத்தவர் அயர்லாந்தைச் சேர்ந்த ஜார்ஜ் பார்க்ளி. 1685-இல் பிறந்து, பின்னர்க் கிளாயின் நகரத்துப் பிஷப்பாக விளங்கிய அவர், தம் 25-ஆம் வயதில், 1710-இல், மனித அறிவின் தத்துவங்களைப் பற்றிய தம் முதன்மையான நூலை வெளியிட்டார். அதிலுள்ள கருத்துகளையே 1713-இல் உரையாடல் வடிவில் மீண்டும் எழுதினார். பார்க்ளிக்கு வசுபந்துவின் பெயரும் தெரிந்திருக்க வழியில்லை. ஆயினும், இருவரும் தொடங்கும் இடம் ஒன்றேயாக இருக்கிறது.

ஜான் லாக் என்பார், பொருளின் வடிவம், பருமை, இயக்கம் முதலியவை பொருளினிடத்தே உள்ளனவென்றும், நிறம், சுவை, நாற்றம் முதலியவை நாம் உணருமாறு உணர்த்தும் ஆற்றல்களாகவே பொருளினிடத்து உள்ளனவென்றும் பிரித்திருந்தார். ஒரே நீர் ஒரு கைக்கு வெம்மையாகவும் மற்றொரு கைக்குத் தண்மையாகவும் தோன்றுவதால் வெம்மை பொருளில் இல்லையெனின், ஒரே பொருள் அணிமையில் பெரிதாகவும் சேய்மையில் சிறிதாகவும் தோன்றுவதால் பருமையும் பொருளில் இல்லையெனவே கொள்ளவேண்டுமன்றோ என்று பார்க்ளி வினவினார். இக்குணங்களையெல்லாம் நீக்கியபின் எஞ்சுவதாகக் கூறப்படும் சடத்திரவியம் எவராலும் கருதவும் இயலாத வெறுஞ்சொல். உணரப்படுவதே பொருள்களின் இருப்பு என்பது அவர் முடிவு. மரமும் நாற்காலியும் இல்லையென்று தாம் கூறவில்லை, தத்துவவாதிகள் கற்பித்த சடத்திரவியத்தையே மறுப்பதாக அவர் வற்புறுத்தினார். நம் விருப்பத்துக்கு இணங்காமல் ஒழுங்குபடத் தோன்றும் புலனுணர்வுகள் நம் மனத்தில் பிறிதொரு மனத்தால், அஃதாவது ஈசுவரனால், எழுப்பப்படுகின்றன என்பதும் அவர் கொள்கையின் இன்றியமையாத உறுப்பாகும்.

1763-இல் டாக்டர் ஜான்சன் ஒரு பெருங்கல்லை உதைத்து இக்கொள்கையை மறுத்ததாக அவர் வரலாற்றை எழுதிய பாஸ்வெல் கூறுவது பலரும் அறிந்ததே. ஆயினும், கல்லின் தடை காலில் உணரப்படும் உணர்ச்சியே ஆதலின், அச்செயல் பார்க்ளியின் வாதத்தைத் தீண்டவும் இல்லை. அதன் உண்மையான நலிவுகள் வேறிடத்தில் உள்ளன. எவராலும் உணரப்படாத மரத்தை எண்ணிப்பார் என்று சொல்லி, அவ்வாறு எண்ணும்போதே அது மனத்துக்குள் வந்துவிடுகிறது என்று அவர் வாதிக்குமிடத்து, எண்ணும் செயல் மனத்தில் நிகழ்வதையும் எண்ணப்படும் பொருள் மனத்தில் இருப்பதையும் ஒன்றாக்கிவிடுகிறார். சடத்திரவியத்தை நாம் உணராமையால் அதனை விலக்கிய அவர், ஆன்மாவையும் அங்ஙனமே ஒரு கருத்தாக உணர்வதில்லை என்பதை ஒப்புக்கொண்டும் அதனை வைத்துக்கொள்கிறார். அந்நியாயத்தை அஞ்சாது இறுதிவரை கொண்டுசென்ற டேவிட் ஹியூம், 1739-இல் வெளியிடத் தொடங்கிய நூலில், நிலைத்த ஆன்மாவும் காணப்படவில்லை, உணர்வுகளின் தொடர்ச்சியே உண்டு என்ற முடிவுக்கு வந்தார்.

காண்ட்டும் அவருக்குப் பின் வந்தோரும்

ஜெர்மானியராகிய இம்மானுவேல் காண்ட் 1781-இல் வெளியிட்ட பெருநூலில், இடமும் காலமும் பொருள்களின் தன்மைகள் அல்ல, நம் அறிவு பொருள்களைக் கொள்ளும் முறைகளே என்றார். அக்கருத்தைப் பார்க்ளியின் கொள்கையோடு சேர்த்து எண்ணியவர்களுக்கு விடையாக, 1787-இல் வெளிவந்த இரண்டாம் பதிப்பில், என் அக உணர்வுகள் காலத்தில் முன்பின்னாக நிகழ்வதை நான் அறிவதற்கே, எனக்குப் புறம்பான, நிலைத்த ஒன்றின் அநுபவம் தேவை என்னும் வாதத்தைச் சேர்த்தார். அகமே தெளிவு, புறமே ஐயம் என்னும் எண்ணத்தைத் தலைகீழாக்கிய இவ்வாதம் மிக ஆழமானது. அது நிறுவுவது புறப்பொருளின் உண்மையையா, அன்றிப் புறப்பொருள் உண்டென நாம் கொள்ளவேண்டிய இன்றியமையாமையை மட்டுமா என்பது இன்றளவும் தீராத விவாதம். அன்றியும், தோற்றத்துக்கு அப்பால் உள்ளதெனக் காண்ட் கூறிய பொருள் தன்னியல்பில் எத்தகையது என்பது அவருடைய கொள்கையின்படியே அறியவொண்ணாதது.

அந்த அறியவொண்ணாமையைப் பொறுக்கமாட்டாமல் ஃபிக்டே, ஷெல்லிங், ஹெகல் முதலியோர் தனிமனிதரின் மனத்தைக் கடந்ததோர் அகண்ட அறிவையே உலகின் மூலமாகக் கொண்டனர். ஷோப்பனோவர் அம்மூலத்தை அறிவாகக் கொள்ளாது இச்சையாகக் கொண்டார். இங்கிலாந்தில் பிராட்லி 1893-இல் வெளியிட்ட நூலில், தொடர்புகள் யாவும் முரண்பாடுடையன, ஆகவே வேறுபட்ட பொருள்களின் உலகம் தோற்றமே, உள்ளது ஒரே அகண்ட அநுபவம் என்றார். ஷோப்பனோவர் நீங்கலாக ஏனையோர் பார்க்ளியைப் போலத் தனிமனங்களிலிருந்து தொடங்கவில்லை. புறவுலகு என் மனத்தைச் சாராதது என்பதை ஒப்புக்கொண்டே அதன் இறுதியியல்பைச் சித்து என்றனர்.

இருபதாம் நூற்றாண்டின் எதிர்ப்பு

1903-இல் ஜி. இ. மூர், அறிவையே மூலமாகக் கொள்ளும் கருத்துமுதல் வாதத்தை மறுத்து எழுதிய கட்டுரை ஆங்கிலத் தத்துவ உலகின் போக்கையே மாற்றியது. நீலத்தை உணர்தல் என்பதில் உணர்தல் ஒன்று, உணரப்படும் நீலம் மற்றொன்று. பச்சையை உணர்தலும் நீலத்தை உணர்தலும் உணர்தல் என்ற அளவில் ஒத்து, விடயத்தால் வேறுபடுதலே இதற்குச் சான்று என்றார் அவர். இரண்டும் சேர்ந்தே அறியப்படுதலின் அவை ஒன்றே என்ற தர்மகீர்த்தியின் வாதத்துக்கு, அதே நீலத்தை எடுத்துக்காட்டாகக்கொண்டு, ஆயிரம் ஆண்டுகளுக்குப் பின் வேறொரு நாட்டில் எழுந்த விடை போல இஃது அமைந்திருப்பது வியப்புக்குரியது. சேர்ந்தே அறியப்படுவன ஒன்றாதல் வேண்டும் என்னும் நியதி இல்லை என்பது மூரின் வாதத்தால் தெளிவாகிறது. எனினும், உணர்தலுக்கு வேறான அந்நீலம் உணரப்படாதபோதும் உளது என்பது அதனால் மட்டும் பெறப்படாது.

பெர்ட்ராண்ட் ரஸ்ஸல் 1912-இல் வெளியிட்ட தம் சிறுநூலில் தருக்கரீதியான நிரூபணத்தைக் கைவிட்டு, எக்கோள் அநுபவத்தை எளிதாக விளக்குகிறது என்னும் அளவையை மேற்கொண்டார். அறையின் ஒரு மூலையில் காணப்பட்ட பூனை, நாம் வேறெங்கோ நோக்கியிருந்தபின், மற்றொரு மூலையில் பசியோடு காணப்படுமாயின், இடையிலும் அஃது இருந்தது என்பதே இயல்பான விளக்கம். வெறுந் தோற்றங்களின் தொகுதிக்குப் பசி வளர்வதென்பது பொருளற்றது. இவ்வாதம் நிரூபணம் ஆகாது என்பதை ரஸ்ஸலே ஒப்புக்கொண்டார். ஆனால், அநுபவத்தில் காணப்படும் ஒழுங்குக்குக் காரணம் கூறவேண்டிய பொறுப்பை அது மறுப்போர்மேல் சுமத்துகிறது.

லெனின் 1909-இல் வெளியிட்ட நூலில் வேறொரு திசையிலிருந்து தாக்கினார். மனிதன் தோன்றுவதற்கு முன் இயற்கை இருந்ததா என்பது அவர் எழுப்பிய வினா. புவியின் வயது ஏறத்தாழ 450 கோடி ஆண்டு என இக்காலத்துப் புவியியல் கணக்கிடுகிறது. உணரும் உயிர்கள் அதில் மிகப் பிற்பட்டே தோன்றின. புலனுணர்வுகளையோ அவற்றின் நிலைத்த சாத்தியங்களையோ பொருள் என்ற மில், மாக் முதலியோர்க்கு இவ்வினா மிகக் கடினமானது. உணர்வோர் ஒருவருமில்லாத காலத்துச் சாத்தியங்கள் எதனைப் பற்றி நின்றன என்பதற்கு அவர்களிடம் நிறைவான விடை இல்லை. பார்க்ளியும் ஹெகலும் இதனால் பெரிதும் பாதிக்கப்படுவதில்லை என்பதையும் உடன் கூறுதல் நியாயமாகும். அவர்கள் கொண்ட மனம் மனித மனம் அன்று.

விஞ்ஞானம் தரும் சான்று

இக்காலத்துப் பௌதிகம் சடத்தைக் கரைத்துவிட்டது என்னும் கூற்று அடிக்கடி செவிப்படுகிறது. ஜேம்ஸ் ஜீன்ஸ், ஆர்தர் எடிங்டன் ஆகிய இரு வானியலறிஞர்கள் 1930-ஐ ஒட்டிய ஆண்டுகளில் அக்கருத்தைப் பொதுமக்களிடையே பரப்பினர். குவாண்டம் கொள்கையில் அளவீடு முடிவுபெறுவதற்கு உணர்வு தேவையெனப் பௌதிக அறிஞர் விக்னர் 1961-இல் எழுதியதும் உண்டு. ஆயினும், அவரே பிற்காலத்தில் அக்கருத்தைக் கைவிட்டார். அளவுகருவியும் சுற்றுப்புறமும் நுண்பொருளோடு கொள்ளும் தொடர்பைக்கொண்டே அளவீட்டின் பெரும்பகுதியை விளக்க முயலும் ஆராய்ச்சி 1970 முதல் வளர்ந்துள்ளது. குவாண்டம் கொள்கைக்குப் பொருள் கூறுவதில் அறிஞரிடையே ஒற்றுமை இன்னும் இல்லை. அவ்வேற்றுமையை மனம் ஒன்றே உளது என்பதற்குச் சான்றாகக் காட்டுதல் அவசரமாகும்.

எடிங்டனும், 1927-இல் ரஸ்ஸலும் சுட்டிய வேறொரு செய்தியே இவ்வாராய்ச்சிக்கு மெய்யாகவே உதவுவது. பௌதிகம் பொருள்களின் செயலையும் தொடர்பையும் சமன்பாடுகளால் கூறுகிறது. அத்தொடர்புகளைத் தாங்கி நிற்பது தன்னளவில் எத்தகையது என்பதை அது கூறுவதில்லை. மறுபுறத்தில், மூளையின் ஊறும் மயக்க மருந்தும் உணர்வை மாற்றுவதும் அடக்குவதும் ஐயமின்றி அறியப்பட்டவை. இவை உணர்வு மூளையைச் சார்ந்தது என்பதற்கு வலிய சான்று; எனினும், மூளையின் நிகழ்ச்சிகள் ஏன் அநுபவமாக உணரப்படவேண்டும் என்பதை இவை விளக்கவில்லை. 1990-களில் டேவிட் சால்மர்ஸ் இவ்வினாவைத் தெளிவாக வகுத்தபின், உலகின் அடிப்படையிலேயே உணர்வின் இயல்பு உண்டென்னும் கொள்கைகள் மீண்டும் கருத்தோடு ஆராயப்படுகின்றன.

பிற மனங்கள் என்னும் சோதனை

சடத்தை மறுக்கும் கொள்கைக்குச் சடத்தைக்காட்டிலும் பெரிய இடர் பிறருடைய மனங்களே என்பது இவ்வரலாற்றை நோக்குவார்க்குப் புலப்படும். என் அறிவில் தோன்றுவதற்கு வேறாக எதுவும் இல்லையெனின், எனக்கு முன்னே நின்று பேசுபவரின் உடல் என் தோற்றமே ஆகும். அவர் மனமும் என் தோற்றம் என்னாது விடுவது எங்ஙனம்? இதனை உணர்ந்த தர்மகீர்த்தி, பிற சந்தானங்களின், அஃதாவது பிறருடைய அறிவுத் தொடர்களின், உண்மையை நிறுவுவதற்கென்றே ஒரு தனிநூல் இயற்றினார். என் பேச்சும் செயலும் என் எண்ணத்தால் நிகழ்வன ஆதலின், என் எண்ணமின்றித் தோன்றும் பேச்சும் செயலும் பிறிதோர் எண்ணத்தால் நிகழ்வனவென அநுமானித்தல் தகும் என்பது அவர் நியாயம். பதினோராம் நூற்றாண்டில், அதே மரபினராகிய ரத்னகீர்த்தி, இறுதியுண்மையின் நிலையில் பிற சந்தானங்களை நிறுவ இயலாது என்று அதனை மறுத்தார். அம்மறுப்பு தருக்கத்துக்கு இயைந்ததே. தோற்றங்களிலிருந்து பிற மனங்களை அநுமானித்தல் தகுமாயின், அதே நெறியால் புறப்பொருளை அநுமானித்த சௌத்திராந்திகரைத் தடுத்தல் அரிது; அது தகாதாயின், நான் ஒருவனே உள்ளவன் என்னும் முடிவைத் தவிர்த்தல் அரிது.

தொடக்கத்தில் வசுபந்துவை நோக்கி எழுப்பப்பட்ட ஆட்சேபமும் இதனோடு ஒன்றே. பலருக்கும் ஒத்த தோற்றம் எழுவதற்கு யோகாசாரர் ஆலய விஞ்ஞானம் என்னும் அடியறிவில் படிந்த வாசனைகளையும் சந்தானங்கள் ஒன்றையொன்று தாக்குதலையும், பார்க்ளி ஈசுவரனின் சங்கற்பத்தையும், ஹெகல் மரபினர் அகண்ட அறிவையும் காரணமாகக் கூறினர். இவ்விடைகள் தம்முள் வேறுபடினும் அவற்றின் அமைப்பு ஒன்றே. உணரும் தனிமனத்தின் வசத்தில் இல்லாததும், உணரப்படாதபோதும் நிலைப்பதும், ஒழுங்கான விதிகளின்படி தோற்றங்களை எழுப்புவதுமான ஒன்றை ஒவ்வொருவரும் ஏற்கின்றனர். புறப்பொருள் ஆற்றிவந்த பணி முழுவதும் இங்கே வேறொரு பெயரால் ஆற்றப்படுகிறது.

மதிப்பீடு

இதுகாறும் கூறியவற்றை முதலிற் பிரித்த மூன்று கூற்றுகளோடு பொருத்தி நோக்குவோம். நாம் நேரே அறிவது அகத்தோற்றங்களையே என்னும் முதற் கூற்று, சங்கரராலும் மூராலும் கடுமையாகத் தாக்கப்பட்டு, இன்று முன்போல் ஐயமற்றதாகக் கொள்ளப்படுவதில்லை. ஆயினும், மயக்கக் காட்சியும் கனவும் உள்ளவரை அது முற்றிலும் கைவிடப்படும் என்றும் தோன்றவில்லை. அறியப்படாத பொருளுக்கு இருப்பில்லை என்னும் இரண்டாவது கூற்று தருக்கத்தால் பொய்ப்பிக்கப்படவில்லை என்பது மெய்யே. எனினும், அதனை மேற்கொண்டோரே உலகின் ஒழுங்கையும் பிற மனங்களையும் விளக்கும் பொருட்டுத் தனிமனத்தைக் கடந்ததொன்றைக் கொள்ளவேண்டி நேர்ந்தமையால், அக்கூற்று அதன் ஆதரவாளர்களாலேயே நெகிழ்த்தப்பட்டுவிட்டது எனலாம். நமக்குப் புறம்பாக, நம்மைச் சாராது நிற்கும் ஓர் உண்மை உண்டென்பதில் பகையாளிகளாகத் தோன்றும் இருதிறத்தாரும் பெரும்பாலும் உடன்படுகின்றனர் என்பதே இந்நெடிய விவாதத்தின் முதன்மையான விளைவு என்று கருதுகிறோம்.

அவ்வுண்மையின் தன்னியல்பு சடமா சித்தா என்னும் மூன்றாவது கூற்றே தீராமல் நிற்பது. 1982-இல் ஜான் ஃபாஸ்டர் கருத்துமுதல் வாதத்தை மீண்டும் விரிவாக நிறுவ முயன்றதும் இதன் உயிர்ப்பைக் காட்டும். இனி இதனை ஆராய்வோர் ஒவ்வொரு திறத்தாரும் செலுத்தவேண்டிய கடன் ஒன்று உண்டு. அகண்ட அறிவே மூலம் என்போர், ஒன்றாகிய அவ்வறிவு ஒருவர் நோவை மற்றவர் உணராத பல மனங்களாகப் பிரிந்து நிற்பது எங்ஙனம் என்று காட்டுதல் வேண்டும். சடமே மூலம் என்போர், தொடர்புகளை மட்டும் கூறும் பௌதிகத்தைக்கொண்டு சடத்தின் தன்னியல்பை அறிந்துவிட்டதாகக் கருதுவதை விடுத்து, அநுபவம் எழுமாற்றை விளக்குதல் வேண்டும். இரண்டும் வெவ்வேறு உண்மைகள் என்போர், அவை தம்முள் தாக்குமாற்றைக் கூறுதல் வேண்டும். இக்கடன்களுள் ஒன்றேனும் இதுகாறும் நிறைவாகச் செலுத்தப்பட்டதென்று சொல்லுதற்கில்லை. ஆகவே, புறவுலகு உண்டென்பதை உறுதியாகவும், அதன் இறுதியியல்பு இன்னதென்பதை மேலும் ஆராய்ச்சிக்கு உரியதாகவும் கொள்வதே இன்றைய நிலையில் சான்றுகளுக்கு இயைந்த முடிவாகும்.